இருந்தும் இல்லாத துணை

பெயரனின் பெயர் நாவில் வாராது தடுமாறுதல் மூப்பின் இயல்பு. அவன் தம் பெயரன் என்பதையே மறத்தல் நோய். மறதிநோய் என இந்நாள் மருத்துவர் வழங்கும் இதனுட் பெரும்பகுதி ஆல்சைமர் நோயாகும். நோயுற்றார் படும் பாடு பலரும் அறிந்ததே. இரவும் பகலும் அவர் பக்கலில் இருக்கும் கணவன் அல்லது மனைவியின் உள்ளம் படும் பாட்டினையே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

இதற்கு ஐரிஸ் மர்டாக் அம்மையாரின் வரலாறு தக்கதொரு சான்று. 1919-இல் டப்ளினிற் பிறந்து, ஆக்ஸ்போர்டில் தத்துவம் கற்பித்து, இருபத்தாறு நாவல்கள் இயற்றி, 1978-இல் புக்கர் பரிசு பெற்றவர் அவர். 1956-இல் அவரை மணந்த ஜான் பெய்லி ஆங்கில இலக்கியப் பேராசிரியர். சொல்லையே செல்வமாகக் கொண்ட இல்லம் அது. 1995-இல் வெளிவந்த இறுதி நாவலில் அம்மையாரின் சொல்வளம் சுருங்கியிருந்ததை அறிஞர் பின்னர்க் கணக்கிட்டுக் காட்டினர். 1997-இல் நோய் இன்னதென உறுதியாயிற்று.

மனைவியார் உயிரோடிருக்கும்போதே, 1998-இல், பெய்லி தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். அதனைக் குறைகூறினாரும் உளர். ஆயினும் அவர் தம்மை உயர்த்தி எழுதினாரல்லர். தாம் பொறுமையிழந்து சினந்ததையும் மறையாது உரைத்தார். சிறு குழந்தைகளுக்குரிய டெலிடப்பீஸ் என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை இருவரும் காலையில் அருகமர்ந்து கண்டதையும் எழுதினார். நுண்பொருள் ஆய்ந்த பேரறிஞர்க்கு அதுவே களிப்பாயிற்று! அந்நூலின் உயிர்நிலை இப்பகுதியே என்பது எம் கருத்து.

இத்தகைய துயரத்திற்குத் 'தெளிவிலா இழப்பு' எனப் பொருள்படும் பெயரை அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் அம்மையார் இட்டனர். 1970-களில், வியட்நாம் போரிற் காணாமற்போன வீரர்தம் குடும்பங்களை ஆராய்ந்தபோது அக்கருத்து வளர்ந்தது. காணாமற்போன வீரன் கண்ணுக்கு இல்லை, நெஞ்சில் இருக்கிறான். மறதிநோயாளர் கண்முன் இருக்கிறார், நெஞ்சத்தால் அகன்றுவிட்டார். இரண்டினும் இழப்பிற்கு எல்லை காணுதல் அரிது. இறந்தாரை எண்ணி அழுவார்க்கு ஊர் கூடும். உறவினர் துக்கம் விசாரிப்பர். இவர்க்கோ அஃதில்லை. "அம்மா சுகமா?" என்று வாயிற்படியில் வினவுவார்க்கு என்ன விடை கூறுவது? அழுதாலோ, உயிரோடிருப்பாரை இறந்தாராக எண்ணிய குற்றம் நெஞ்சைக் குத்தும். சினந்தாலோ, அறியாதாரைச் சினந்த நாணம் வருத்தும். இத்துன்பம் என்று தீருமோ என நினைத்த மறுகணமே, அந்நினைவின் பொருளுணர்ந்து உள்ளம் நடுங்கும்.

பெய்லி இறுதிச் சில வாரங்கள் வரை மனைவியாரை வீட்டிலேயே பேணினார். அம்மையார் 1999 பிப்ரவரி 8-ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் உயிர்நீத்தார். துணையை இழந்தவர் என்று உலகம் பெய்லியை அழைத்தது அன்றுமுதற்றான்.