நஞ்சன்கூட்டு ரசபாளெக்கு என்ன ஆயிற்று?

மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் சாலையில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் நஞ்சன்கூடு வரும். கபினி ஆற்றங்கரையில் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். கோயிலுக்கு அடுத்தபடியாக இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு வாழைப்பழம். அதன் பெயர் ரசபாளெ. நம்மூர் ரஸ்தாளிக்கு நெருங்கிய சொந்தம். வாழை ஆய்வாளர்கள் இரண்டையும் 'சில்க்' என்ற ஒரே குழுவில்தான் வைத்திருக்கிறார்கள். மெல்லிய தோல், வெண்ணெய் நிறச் சதை, வாயில் வைத்தால் கரையும் இனிப்பு. பழுத்துவிட்டால் வீடே மணக்கும். சீப்பைக் கொஞ்சம் அசைத்தாலே பழம் உதிர்ந்துவிடும். 2005-06ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறு ஊரில் விளைந்த பழத்தை நஞ்சன்கூட்டுப் பழம் என்று சொல்லி விற்கக் கூடாது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு அது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு வருவதற்குள் பழமே அருகிப்போய்விட்டது. தேவரசனஹள்ளி போன்ற ஊர்களில் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரில் விளைந்த ரசபாளெயை இன்று தேடிப்பிடித்துத்தான் வாங்க வேண்டும். மற்ற ரகங்களில் விளைச்சல் அதிகம் என்பதும் இதற்கு ஒரு காரணம். ஆனாலும் பெரிய காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை. ஃபியுசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்பது அதன் பெயர். அது உண்டாக்கும் நோயைப் பனாமா வாடல் நோய் என்கிறார்கள்.

வாழையின் உடம்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்த நோய் புரியும். நாம் வாழைமரம் என்று சொன்னாலும் அது மரமே இல்லை. தரைக்கு மேல் தூண் போல நிற்பது, இலைகளின் அடிமட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்ட அடுக்கு. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. அந்தக் கிழங்கிலிருந்துதான் வேர்கள் கிளம்புகின்றன, பக்கக் கன்றுகளும் முளைக்கின்றன. வேர் உறிஞ்சும் தண்ணீர் கிழங்கு வழியாக இலை நுனிவரை ஏற வேண்டும். அதற்கென்று இருக்கும் நுண்ணிய குழாய்களுக்குச் சைலம் என்று பெயர்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு காசித்தும்பைச் செடியை வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவிவிட்டு, சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். சில மணி நேரத்தில் அதன் கண்ணாடி போன்ற தண்டுக்குள் சிவப்புக் கோடுகள் மேலே ஏறியிருக்கும். அந்தக் கோடுகள்தான் சைலம் குழாய்கள்.

வாடல் நோய்ப் பூஞ்சை குறி வைப்பது இந்தக் குழாய்களைத்தான். மண்ணில் கிடக்கும் அதன் வித்துகள் பக்கத்தில் வாழை வேர் வளர்ந்து வந்ததும் முளைக்கின்றன. நூற்புழுவோ கிழங்கு வண்டோ கடித்த காயம் இருந்தால் உள்ளே நுழைவது இன்னும் சுலபம். நுழைந்த பூஞ்சை இழை இழையாகக் குழாய்களுக்குள் பரவுகிறது. வாழையும் சும்மா இருப்பதில்லை. பூஞ்சை மேலே ஏறிவிடாமல் தடுக்கப் பசை போன்ற பொருளைச் சுரந்து தன் குழாய்களைத் தானே அடைக்கிறது. சில ரகங்கள் இதை உடனே செய்து பிழைத்துக்கொள்கின்றன. ரசபாளெ, ரஸ்தாளி போன்றவற்றில் அடைப்பு தாமதமாக நடக்கிறது. அதற்குள் பூஞ்சை மேலே போய்விடுகிறது. முடிவில் பூஞ்சை பாதி, பசை பாதி என்று குழாய்கள் எல்லாம் அடைபட்டு, வயலில் தண்ணீர் நிற்கும்போதே செடி தாகத்தில் வாடுகிறது.

முதலில் அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகும். பிறகு இலை முழுவதும் பழுத்து, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். தண்டின் அடிப்பகுதி நீளவாக்கில் வெடிக்கும். அந்தக் கிழங்கைக் குறுக்கே வெட்டினால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பு நிறப் புள்ளிகளும் வளையங்களும் தெரியும். அடைபட்ட குழாய்களின் வாய்கள் அவை. அதைப் பார்த்ததுமே, இந்தச் செடி தார் போடாது என்று விவசாயி தெரிந்துகொள்வார்.

இது நடக்கும் நேரம்தான் மிகவும் கொடுமை. ரசபாளெ கன்று நட்டுத் தார் வெட்ட ஒரு வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நட்ட உடனே நோய் தெரிந்தால் வேறு பயிர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாடல் நோய் பெரும்பாலும் ஐந்தாறு மாதம் கழித்து, குலை தள்ளப்போகும் பருவத்தில்தான் தலைகாட்டுகிறது. அதற்குள் கன்று வாங்கி, குழி வெட்டி, எரு போட்டு, களை எடுத்து, உரம் வைத்து, முட்டுக்கொடுக்கக் கழி வாங்கிச் செலவெல்லாம் முடிந்திருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. கன்றுக்குக் கன்று 6 அடி, வரிசைக்கு வரிசை 6 அடி விட்டால் ஒரு கன்றுக்கு 36 சதுர அடி. ஆக 1,210 வாழை. ஒரு வாழைக்கு மொத்தச் செலவு 150 ரூபாய், ஒரு தார் 250 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நம் கணக்குக்காக நாமே வைத்த விலை. சந்தையில் நாளுக்கு நாள் மாறும். எல்லா வாழையும் பிழைத்தால் வரவு 3,02,500 ரூபாய், செலவு 1,81,500 ரூபாய், கையில் நிற்பது 1,21,000 ரூபாய். ஒரு குடும்பம் ஒரு வருடத்துக்கு மேல் அதில்தான் சாப்பிட வேண்டும், பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், கடனை அடைக்க வேண்டும்.

இப்போது பத்தில் மூன்று வாழை வாடிவிட்டது என்று வையுங்கள். மிச்சம் 847 தார். வரவு 2,11,750 ரூபாய். செலவு குறையவில்லை, ஏற்கெனவே செய்தாகிவிட்டதே! ஆக லாபம் வெறும் 30,250 ரூபாய். பத்தில் மூன்று செடி போனதற்கு லாபத்தில் முக்கால் பங்கு போய்விட்டது. பத்தில் நான்கு செடி போனால் என்ன ஆகும்? நீங்களே பெருக்கிப் பாருங்கள். விடை பூஜ்யம். ஒரு வருட உழைப்புக்கு ஒரு ரூபாய் கூட மிஞ்சாது. அதற்கும் மேல் வாடினால், நகையை அடகு வைத்து வாங்கிய கடன் வட்டியோடு தலைமேல் நிற்கும்.

ஐம்பது ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு துண்டு நிலத்தில் நோய் வந்தால் அதை ஒதுக்கிவிட்டு மற்ற நிலத்தில் பயிர் செய்யலாம். ஒரு ஏக்கர்க்காரருக்கு அந்த ஒரு ஏக்கர்தான் எல்லாம். வாடல் நோய்ப் பூஞ்சையோ ஒரு பயிரோடு போய்விடுவதில்லை. வாழை இல்லாத காலத்தில் தடித்த சுவர் கொண்ட உறக்க வித்துகளாக மாறி, இருபது முப்பது வருடம்கூட மண்ணிலேயே காத்திருக்கும். தெளித்தால் நிலம் முழுவதும் சுத்தமாகிவிடும் என்று சொல்லத்தக்க மருந்து எதுவும் இல்லை. நோய் பறித்துக்கொள்வது ஒரு வருட விளைச்சலை மட்டும் என்றால் எப்படியோ சமாளித்துவிடலாம். அந்த நிலத்தில் அந்த வாழையை வைக்கும் வழியையே அது பறித்துவிடுகிறது. மைசூர், சாமராஜநகர் பக்கத்து விவசாயிகள் பலர் ஏலக்கி, ஜி-9 ஆகிய வாழை ரகங்களுக்கு மாறியதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். ரசபாளெ மேல் அவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை.

சரி, வாழை ஏன் இந்தப் பூஞ்சையை எதிர்க்கப் பழகிக்கொள்ளவில்லை? ஏனென்றால் நாம் சாப்பிடும் வாழைக்கு விதை இல்லை. பழத்துக்குள் தெரியும் கறுப்புப் புள்ளிகள் வளராமல் போன விதைகளின் மிச்சம். விதையிலிருந்து வளரும் செடிகள் தாயிடமிருந்து கொஞ்சம், தந்தையிடமிருந்து கொஞ்சம் பெற்று ஒவ்வொன்றும் சற்று வேறுபட்டிருக்கும். வாழையில் அப்படி இல்லை. தாய்க்கிழங்கிலிருந்து வெட்டி எடுத்த கன்று தாயின் அச்சு அசல். அதன் கன்றும் அப்படியே. தலைமுறை தலைமுறையாக நஞ்சன்கூட்டில் நட்ட ரசபாளெ எல்லாம் ஏறக்குறைய ஒரே செடி. ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டைப் போட்டிருந்தால், ஒரு சாவி கிடைத்த திருடனுக்கு எல்லாக் கதவும் திறக்குமே, அதுதான் இங்கே நடந்தது.

இதே கதை உலக அளவிலும் நடந்திருக்கிறது. சென்ற நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்ற வாழைப்பழம் பெரும்பாலும் குரோ மிஷேல் என்ற ஒரே ரகம். மத்திய அமெரிக்காவில் காடு காடாக அதையே நட்டார்கள். பனாமா வாடல் நோய் அதைத் தின்று தீர்த்தது. இந்த நோய்க்குப் பனாமா நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். 1960-களுக்குள் கேவண்டிஷ் என்ற வேறு ரகத்துக்கு மாறிக்கொண்டார்கள். ஜி-9 அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய பூஞ்சை அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பூஞ்சையிலும் புதிய இனம் உண்டானது. டிஆர்-4 என்று அழைக்கப்படும் அந்த இனம் கேவண்டிஷையும் கொல்கிறது. ஆசியாவில் தொடங்கி ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா என்று பரவி, 2019-இல் கொலம்பியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. நம் நாட்டில் பீகார், உத்தரப்பிரதேச வாழைத் தோட்டங்களில் ஏற்கெனவே புகுந்துவிட்டது. ரசபாளெயை விட்டு ஜி-9-க்கு மாறியவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது என்பது இதனால்தான்.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு வாழை ஏறக்குறைய இப்படி அடிபட்டது. பழனி பஞ்சாமிர்தத்தில் சேரும் விருப்பாட்சி மலைவாழை. கீழ்ப்பழனி மலையில் அதைத் தாக்கியது பூஞ்சை அல்ல, ஒரு வைரஸ். முடிக்கொத்து நோய் என்பார்கள். இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் ஒரு கொத்தாக நெருங்கி நிற்கும். செடி தார் போடாது. வாழை அசுவினி என்ற சின்னப் பூச்சி சாற்றை உறிஞ்சும்போது வைரஸை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறது. ஆனால் இங்கே ஒரு நல்ல சேதி உண்டு. இந்த வைரஸ் வெறும் மண்ணில் வாழாது. அதனால் நோயுற்ற செடிகளைக் கிழங்கோடு அழித்துவிட்டு, வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளை நட்டால் தோட்டத்தை மீட்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அப்படிக் கன்றுகளை உருவாக்கித் தந்த பிறகு மலைவாழை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது.

ரசபாளெக்கு அவ்வளவு எளிதான வழி இல்லை. ஆய்வகத்தில் வளர்த்த கன்று சுத்தமாகவே வரும். நோய் மண்ணில் நட்டால் அதுவும் வாடும். ஆனாலும் சுத்தமான கன்றை, நோய் வராத மண்ணில் நடுவதுதான் முதல் படி. நோய் வந்த நிலத்தில் சில போகம் நெல் வைத்துத் தண்ணீர் கட்டினால் பூஞ்சை குறைகிறது. டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை எருவில் கலந்து வேர்ப் பகுதியில் இடுகிறார்கள். கெட்ட பூஞ்சைக்கு இடம் கொடுக்காமல் அது வேரைச் சுற்றி வளர்கிறது. திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள், ரஸ்தாளித் திசுக்களில் மரபு மாற்றங்களைத் தூண்டி, அவற்றில் வாடலைத் தாங்கும் செடி கிடைக்கிறதா என்று சலித்துப் பார்க்கிறார்கள். பழம் முழுக்கக் கல் கல்லாக விதை நிறைந்த காட்டு வாழைகளில் டிஆர்-4 இனத்தைத் தாங்கும் மரபணு இருப்பதும் தெரிய வந்திருக்கிறது. அப்படி ஒரு மரபணுவைக் கேவண்டிஷுக்குள் சேர்த்து உருவாக்கிய வாழைக்கு ஆஸ்திரேலியா 2024-இல் அனுமதி கொடுத்தது. ஒருவரும் சாப்பிடாத காட்டு வாழையைக் காட்டோடு சேர்த்துக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இதெல்லாம் ஒரு ஏக்கர் விவசாயியின் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் முக்கியம். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால் கன்று சும்மாவே கிடைக்கும். ஆய்வகக் கன்றுக்குக் காசு கொடுக்க வேண்டும். கையில் பணம் இல்லாதவர் சும்மா கிடைப்பதைத்தான் நடுவார். அதைக் கவனக்குறைவு என்று குறை சொல்வது நியாயம் இல்லை. சுத்தமான கன்றைச் சிறு விவசாயிக்குக் குறைந்த விலையில் ஊருக்கே கொண்டுவந்து கொடுப்பது அரசின் வேலை.

நீங்கள் செய்யக் கூடியதும் இருக்கிறது. நோய் வந்த தோட்டத்து வாழைப்பழத்தைப் பயப்படாமல் சாப்பிடலாம். இந்தப் பூஞ்சை மனிதர்களை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு வாழைத் தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது செருப்பிலும் மண்வெட்டியிலும் ஒட்டியிருக்கும் மண்ணை நன்றாகக் கழுவிவிட்டுப் போங்கள். ஒரு சிட்டிகை மண் போதும், நோய் கூடவே போய்விடும். உங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் வாழையில் அடி இலைகள் மஞ்சளாகித் தொங்கினால், அதன் கன்றை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள்.