பவர் ஏத்தின வண்டிக்கு எந்த கிளட்ச்?

போன எபிசோடோட எழுத்து வடிவம் இது. நடுவுல வந்த "அதாவது, அதாவது"க்களையும் நான் டீ உறிஞ்சின சத்தத்தையும் வெட்டியாச்சு. விஷயம் அப்படியேதான் இருக்கு.

என் சொந்தக் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். என்னுடையது டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். ரீமேப் பண்ணி ஆறு மாசம் ஆகியிருந்தது. ஒரு நாள் ராத்திரி வண்டலூர் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் ஐந்தாவது கியரில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு லாரியைத் தாண்ட ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். ஆர்பிஎம் முள் 2,000-லிருந்து 3,500-க்குத் தாவியது. ஸ்பீடாமீட்டர் முள் அசையவே இல்லை. பின்னாடியே ஒரு கருகல் வாடை.

இதுதான் கிளட்ச் ஸ்லிப். எஞ்சின் சுத்துது, ஆனா அந்தச் சுத்து முழுசா கியர்பாக்ஸுக்குப் போகலை. லாரியைத் தாண்டும்போது இப்படி ஆனா காசு மட்டும் போகாது, உயிருக்கும் ஆபத்து.

ஹார்ஸ்பவரைப் பார்க்காதீங்க, டார்க்கைப் பாருங்க

நம்ம பசங்க எல்லாரும் "எத்தனை எச்பி?"ன்னுதான் கேட்கிறோம். கிளட்சுக்கு அந்தக் கேள்வியே புரியாது. அது தாங்க வேண்டியது டார்க்கை, அதாவது முறுக்குவிசையை. ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோல் 119 பிஎஸ், 145 நியூட்டன் மீட்டர். போலோ ஜிடி டிடிஐ டீசல் 110 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். பவரில் சிட்டி மேல. ஆனா கிளட்சுக்கு அதிக வேலை வைக்கிறது போலோதான்.

டர்போ வண்டி டாப் கியரில், 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் முதலில் ஸ்லிப் ஆவதற்கும் இதுதான் காரணம். டார்க் உச்சம் தொடுவது அங்கேதான்.

ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க்கைப் பிடிக்கும்? நாலு விஷயத்தைப் பெருக்கினால் போதும்: உராயும் முகங்கள் எத்தனை, உராய்வுக் கெழு எவ்வளவு, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை எவ்வளவு, பிளேட்டோட சராசரி ஆரம் எவ்வளவு.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: இரண்டு முகம், கெழு 0.3, விசை 4,500 நியூட்டன், ஆரம் 9 செ.மீ. பெருக்கினால் 243 நியூட்டன் மீட்டர். எஞ்சின் டார்க் 200 என்றால் சுமார் 20 சதவீதம் கையிருப்பு இருக்கிறது. ரீமேப் செய்து 270 ஆக்கினால்? கையிருப்பு போய், கடன் வந்துடும்.

ஒரு எச்சரிக்கை. டைனோ ஷீட்டில் சக்கரத்தில் அளந்த டார்க் இருக்கலாம். கிளட்ச் பார்ப்பது எஞ்சின் டார்க்கை. அது சக்கர அளவைவிட சுமார் 10 - 15 சதவீதம் கூட இருக்கும். கடையில் "இது 300 எச்பி தாங்கும்"னு சொன்னா, "நியூட்டன் மீட்டர்ல எவ்வளவுண்ணா? எஞ்சின்லயா, சக்கரத்துலயா?"ன்னு கேளுங்க.

என்னென்ன வழி இருக்கு?

அந்த நாலு எண்ணில் எதையாவது ஏற்றணும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கு.

முதல் வழி, அழுத்தத்தைக் கூட்டுவது. கனமான பிரஷர் பிளேட், வழக்கமான ஆர்கானிக் கிளட்ச் பிளேட். விசையை 30 சதவீதம் ஏற்றினால் நம்ம கணக்கில் 243, 316 ஆகிவிடும். வண்டி மென்மையாகவே கிளம்பும். பெடல் மட்டும் கனக்கும்.

இரண்டாவது, உராய்வுக் கெழுவைக் கூட்டுவது. செராமிக் பட்டன் பிளேட் இந்த வகை. கெழு 0.4 ஆனால் அதே விசையில் 324. சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனா பாதிப் பிடி என்ற பேச்சே கிடையாது. சுவிட்ச் மாதிரி, ஒண்ணு ஆன், இல்லைன்னா ஆஃப். ஃப்ளைவீலையும் வேகமாகத் தேய்க்கும். கெவ்லர் வகை இதைவிட மென்மை. ஆனால் பொறுமையாகப் பழக்கணும், ஒரு தடவை அதிகமா சூடேறினா மேற்பரப்பு வழுவழுன்னு ஆகி, பழைய பிடி திரும்ப வராமலே போகலாம்.

மூன்றாவது, பெரிய விட்டமுள்ள பிளேட். அதே கம்பெனியோட பெரிய மாடலில் வரும் கிளட்ச் பொருந்துமா என்று பார்க்கலாம். ஸ்ப்ளைன் எண்ணிக்கையும் ஃப்ளைவீலும் ஒத்துப்போகணும்.

நான்காவது, ட்வின் பிளேட். முகம் இரண்டுக்குப் பதில் நான்கு. அழுத்தம் ஏற்றாமலே பிடி இரண்டு மடங்கு. ஆனா விலை பர்ஸைக் கிழிக்கும், பல செட்டுகள் நியூட்ரலில் கடகடன்னு சத்தமும் போடும்.

நான் செஞ்ச தப்பு

நான் என்ன செஞ்சேன்? "பெருசா போட்டுட்டா பிரச்சினையே வராது"ன்னு நேரா செராமிக் போட்டேன். அதுவும் நடுவில் ஸ்பிரிங் இல்லாத பிளேட். சர்வருக்கு மெமரி ஏத்துற மாதிரி நினைச்சுட்டேன்.

என் தினசரி ரூட் சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர். மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் வண்டி ஊர்ந்துதான் போகும். ஒரு நாள் கிளட்ச் மிதித்ததை எண்ணினேன்; இருநூறைத் தாண்டியதும் விட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு குலுக்கல். அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனபோது, "ஏன்டா, வண்டி ஓட்ட மறந்துட்டியா?"ன்னு கேட்டாங்க. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் ரிவர்ஸ் எடுப்பது தினமும் ஒரு பரீட்சை.

ஐந்தே மாசம். திரும்ப கியர்பாக்ஸை இறக்கி, கனமான பிரஷர் பிளேட்டும் ஸ்பிரிங் வைத்த ஆர்கானிக் பிளேட்டும் போட்டேன். லேபர் இரண்டு தடவை. மெக்கானிக் அண்ணன் அன்னைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கு: "தம்பி, நீ பவர் காட்டுறது பத்து செகண்டு. ட்ராஃபிக்ல நிக்கிறது ஒன்றரை மணி நேரம். எதுக்கு கிளட்ச் வாங்குற?"

இந்த எபிசோடோட சாரமே அதுதான். உங்க டார்க்கை 15 - 20 சதவீதக் கையிருப்போடு பிடிக்கிற கிளட்சுகளில், இருப்பதிலேயே மென்மையானதை எடுங்க. அதுக்கு மேல வாங்கும் ஒவ்வொரு நியூட்டன் மீட்டருக்கும் உங்க இடது முட்டிதான் வாடகை கட்டும். முழு பவரையும் பார்க்கணும்னு ஆசையா? இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து ரேஸ் ட்ராக் இருக்கு. ஈசிஆர் அதுக்கான இடம் இல்லை.

கியர்பாக்ஸை இறக்கும்போது

இந்த வேலையில் பெரிய செலவு இறக்கி ஏற்றுவதுதான். அதனால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாத்துங்க. கியர்பாக்ஸுக்கு உள்ளேயே ஸ்லேவ் சிலிண்டர் இருக்கும் வண்டி என்றால் அதையும். கிராங்க் பின் சீலில் ஆயில் கசிவு இருக்கான்னு பாருங்க. ஆயில் பட்டால் எந்தப் பிளேட்டும் வழுக்கும்.

டூயல் மாஸ் ஃப்ளைவீல் இருந்தால் அதன் ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்க. அதை எடுத்துட்டு ஒற்றை ஃப்ளைவீல் போட்டா மலிவுதான். ஆனா அதிர்வை விழுங்க ஆள் இல்லாததால், ஐட்லிங்கில் கியர்பாக்ஸ் சத்தம் போடும். எடை ரொம்பக் குறைந்த ஃப்ளைவீல் போட்டா, ட்ராஃபிக்கில் வண்டி அடிக்கடி ஆஃப் ஆகும். ஃப்ளைவீல் வேற ஏதாவது தேடி புதுப்பேட்டை போனாலும், பழைய கிளட்ச் பிளேட்டை மட்டும் வாங்காதீங்க. அது ஏற்கெனவே எவ்வளவு சூடு பார்த்திருக்குன்னு வெளியே இருந்து தெரியாது.

போட்ட பிறகு முதல் 800 கி.மீ. முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம். அதுவும் சிட்டிக்குள்ள ஓட்டின கி.மீ.தான் கணக்கு. செங்கல்பட்டு வரை டாப் கியரில் போய்வந்தால் கிளட்ச் பழகாது. மிதிச்சு விடும்போதுதான் பிளேட் ஃப்ளைவீலோட பொருந்தும்.

கடைசியா ஒண்ணு: சிக்னல்ல ஹாஃப் கிளட்ச்ல நிக்காதீங்க. நியூட்ரல் போட்டுட்டு ஹேண்ட்பிரேக் இழுங்க. இதுக்கு மட்டும் செலவே இல்லை.

உங்க வண்டியோட கிளட்ச் கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. டார்க் எவ்வளவுன்னு மறக்காம சொல்லுங்க. எச்பி வேண்டாம்!