நாலு போன், ஒரே பெட்டி

திருவெறும்பூரிலிருந்து என் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா போன்ல கொஞ்சம் படம் இருக்கு, அம்மா போன்ல கொஞ்சம், அண்ணன் லேப்டாப்ல கொஞ்சம். தாத்தா படம் எதுல இருக்குன்னு யாருக்குமே தெரியல. எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்க முடியாதா?"

எவ்வளவு நல்ல கேள்வி பார்த்தீர்களா, சுட்டிகளே! அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முடியும். அதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. கடையில் 'நாஸ்' என்று கேட்டால் தருவார்கள். ஒரு சாண் உயரம்தான் இருக்கும். உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும், ஒன்றோ இரண்டோ ஹார்டு டிஸ்க்கும் இருக்கும். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் அதில் படம் வைக்கலாம், அதிலிருந்து எடுக்கலாம்.

உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்டது. இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள். எடை ஏறக்குறைய ஒரு டன். அதில் எவ்வளவு வைக்கலாம் தெரியுமா? ஏறக்குறைய 4 எம்.பி.தான்! இன்றைக்கு அம்மாவின் போன் எடுக்கும் ஒரே ஒரு படத்தில் அது நிரம்பிவிடும்.

சரி, பெட்டி வந்துவிட்டது. எங்கே மாட்டுவது?

வீட்டில் வைஃபை தரும் ரவுட்டரைப் பாருங்கள். அதன் பின்பக்கம் சதுரத் துளைகள் இருக்கும். அவற்றில் ஒன்றில் லேன் கேபிளின் ஒரு முனையைச் செருகுங்கள். 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். மறுமுனை பெட்டிக்கு. அவ்வளவுதான், பெட்டி உங்கள் வீட்டு வலையில் சேர்ந்துவிட்டது. இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. வெளியே இன்டர்நெட் போய்விட்டாலும், ரவுட்டரும் பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் படம் பார்க்கலாம்.

இப்போது அம்மா போனிலிருந்து ஒரு படம் கிளம்புகிறது. அது முழுசாகவா போகும்? இல்லை. இங்கேதான் எறும்பு வருகிறது.

திருவெறும்பூரில் மலைமேல் இருக்கும் எறும்பீசுவரர் கோயிலுக்குப் போகும் படிகளில் எறும்புச் சாரியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வெல்லக்கட்டியை எறும்புகள் அப்படியே தூக்கிக்கொண்டு போவதில்லை. ஆளுக்கொரு துணுக்காக எடுத்துப் போகின்றன. படமும் அப்படித்தான். 4 எம்.பி. படம் ஒன்று சுமார் 2,700 துணுக்குகளாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு துணுக்கிலும் இரண்டு செய்திகள் உண்டு: எங்கே போக வேண்டும், படத்தில் எந்த இடத்தில் ஒட்ட வேண்டும். வழியில் ஒன்று தொலைந்தால், அந்த ஒன்றை மட்டும் போன் மறுபடி அனுப்பும். பெட்டி எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஒட்டிவிடும். இத்தனையும் நீங்கள் கண் சிமிட்டுவதற்குள்!

புரிகிறதா? புரியாவிட்டால் மேலே உள்ள பத்தியை இன்னொரு முறை படியுங்கள். அவசரமே இல்லை.

எங்கே போக வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு முகவரி வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுக்கும். பெரும்பாலான வீடுகளில் அது 192.168 என்று தொடங்கும். அதுதான் ஐ.பி. முகவரி. ஒரு சிக்கல் என்னவென்றால், ரவுட்டரை அணைத்துப் போட்டால் இந்த எண் சில நேரம் மாறிவிடும். நேற்றுக் கிடைத்த பெட்டி இன்று கிடைக்காது. அதனால் அப்பாவோ அண்ணனோ ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 'இந்தப் பெட்டிக்கு எப்போதும் இந்த எண்தான்' என்று ஒதுக்கிவைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. பலர் இதை விட்டுவிட்டுப் பெட்டி கெட்டுப்போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

அடுத்து, போன் ஒரு வகை, லேப்டாப் வேறு வகை. எல்லாம் எப்படி ஒரே பெட்டியோடு பேசுகின்றன? இதில் ஒரு மாணவரின் கதை இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர் இருந்தார். அவரிடம் இரண்டு வகைக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்றின் டிஸ்க்கில் இருப்பதை மற்றொன்றில் பார்க்க ஆசைப்பட்டார். அவை பேசும் முறை அவருக்குத் தெரியாது. என்ன செய்தார்? கம்பியில் போய்வரும் துணுக்குகளைப் பொறுமையாகக் கவனித்தார். இதைக் கேட்டால் அதைத் தருகிறது, அதைக் கேட்டால் இதைத் தருகிறது என்று கண்டுபிடித்துக்கொண்டே போனார். 1992 ஜனவரியில் தன் நிரலை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார். இன்று அதன் பெயர் சாம்பா. வீடுகளில் இருக்கும் நாஸ் பெட்டிகள் பலவற்றுக்குள் ஓடுவது அதுதான். உற்றுப் பார்க்கிற குணம் எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது பாருங்கள்! உங்களிடமும் அந்தக் குணம் இருப்பதால்தானே இவ்வளவு நேரம் படிக்கிறீர்கள்?

புதுப் பெட்டிக்குக் காசு அதிகம் என்றால் கவலை வேண்டாம். மூலையில் தூங்கும் பழைய கம்ப்யூட்டரில் ஓபன்மீடியாவால்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டாலும் அது நாஸ் ஆகிவிடும். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தால் நான் இதையே செய்யச் சொல்வேன். கற்றுக்கொள்வதும் இதில்தான் அதிகம்.

பெட்டியை எங்கே வைக்கலாம்? மூடிய அலமாரிக்குள் வேண்டாம். திருச்சி வெயில் உங்களுக்குத் தெரியும், காற்று பட வேண்டும். சின்ன யு.பி.எஸ். ஒன்று அவசியம். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு கெட்டுப்போகலாம். துணைமின் நிலையத்தில் பராமரிப்புப் பணி, இன்ன நாள் மின்தடை என்று செய்தித்தாளில் போடுவார்களே, அன்று காலையிலேயே பெட்டியை முறைப்படி அணைத்துவிடுங்கள்.

பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். வெளியிலிருந்து இன்டர்நெட் வழியாகப் பெட்டிக்குள் வரும் வாசலைத் திறக்கவே கூடாது. 2022இல் 'டெட்போல்ட்' என்ற தீய நிரல், அப்படித் திறந்திருந்த ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்குள் புகுந்து, எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது.

இனி நான் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பெட்டியில் இரண்டு டிஸ்க் இருந்தால், ஒன்றில் எழுதுவதையே மற்றொன்றிலும் எழுதச் சொல்லலாம். ஒரு டிஸ்க் கெட்டால் மற்றொன்று காப்பாற்றும். அப்படியானால் பயமே இல்லையா? இருக்கிறது. தாத்தா படத்தைத் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழிந்துவிடும். திருடன் வந்தால் பெட்டியையே தூக்கிப் போவான். இரண்டு டிஸ்க் இருந்தாலும் இடம் ஒன்றுதானே?

ஒரே இடம் என்பது எவ்வளவு ஆபத்து என்று தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்தன. அச்சான நூலை வேறு ஊரில் தேடிப் பிடிக்கலாம். வேறு எங்கும் படி இல்லாத சுவடியை எங்கே தேடுவது? போனது போனதுதான். 2005 முதல் 'நூலகம்' என்ற அமைப்பினர் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கி, யாரும் படிக்கும்படி இணையத்தில் இலவசமாக வைத்துவருகிறார்கள். இதற்காக உழைக்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அதனால் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். பெட்டியில் இருப்பதை மாதம் ஒருமுறை அதில் படியெடுங்கள். எடுத்ததும் இரண்டு படங்களைத் திறந்து பாருங்கள், சரியாக வந்திருக்கிறதா என்று. பிறகு அதை ஸ்ரீரங்கத்திலோ லால்குடியிலோ இருக்கும் பாட்டி வீட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, வீட்டில் ஒரே ஒரு படிதான் இருக்கிறது என்று தெரிகிற படங்களை முதலில் எடுத்துவையுங்கள். தாத்தா படத்திலிருந்து தொடங்குங்கள்.