எளிமையும் எழிலும்

பொருள்கள் மலிந்து கிடக்கும் வீடு பண்டகசாலையை ஒக்கும். பொருளேதும் இன்றி வெறுமையாய்க் கிடக்கும் வீடு ஆளில்லாச் சத்திரத்தை ஒக்கும். முன்னதில் நடமாட இடமில்லை. பின்னதில் மனம் தங்க இடமில்லை. மிகச் சில பொருள்களைக் கொண்டே இல்லத்தை இனிமையுடையதாக்க இயலுமோ? இயலும் என்பதற்கு ஜப்பானியரின் பழைய மனைகளே சான்றாகும்.

அத்தகைய மனையின் அறை ஒன்றனுள் நுழைவோமாயின், முதற்கண் நாம் காண்பது வெற்றிடமே. நாற்காலி இல்லை, கட்டில் இல்லை. தரை முழுவதும் 'ததாமி' என்னும் தடித்த பாய்கள் பரப்பப்பட்டிருக்கும். வைக்கோலை அழுத்தித் தைத்து, அதன்மேல் கோரை போன்றதொரு புல்லால் நெய்த விரிப்பைப் போர்த்தி அவற்றைச் செய்வர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 அடி நீளமும் 3 அடி அகலமும் உடையது. படுக்கையை இரவில் விரிப்பர். காலையில் மடித்துச் சுவரறையுள் வைத்து மூடிவிடுவர்.

ஆயினும் அவ்வறை வறண்டு தோன்றுவதில்லை. காரணம் யாது? மரத்தூண்கள் வண்ணப்பூச்சு இன்றித் தம் இயற்கை வரிகளோடு விளங்கும். மரச்சட்டங்களில் மெல்லிய வெண்தாள் ஒட்டிய கதவுகளின் ஊடே வெயில் நிலவொளி போல் தணிந்து உட்புகும். அறையின் ஒருபால், 'தோக்கோனோமா' எனப்படும் மாடம் ஒன்று இருக்கும். அதில் ஓவியமோ அழகிய எழுத்தோ தீட்டிய சுருள் ஒன்று தொங்கும். அதன் கீழே ஒரு கலத்தில் மலர் இருக்கும். அவ்வளவே! பருவம் மாறுந்தோறும் சுருளும் மலரும் மாறும். வரும் விருந்தினரின் உள்ளம் அறிந்து அவற்றைத் தேர்ந்து வைத்தலும், அவரை அம்மாடத்தின் அருகே அமர்த்துதலும் மரபு.

இவ்வெளிமையின் உட்பொருளை விளக்கும் கதை ஒன்று வழிவழியாக வழங்கி வருகிறது. சென் நோ ரிக்யூ (1522–1591) என்பவர் தேநீர் விருந்தினை ஒரு கலையாக வளர்த்த பெரியார். அவர்தம் தோட்டத்தில் விடியலில் மலரும் கொடிப்பூக்கள் நிறைந்து பொலிந்தன. அதனைக் கேள்வியுற்ற ஆட்சித் தலைவர் ஹிதெயோஷி, ஒருநாள் காலை அவற்றைக் காண வந்தார். தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை, அனைத்தும் கொய்யப்பட்டிருந்தன! சினத்தோடு தேநீர் அறையுள் புகுந்தவர் வியந்து நின்றார். மாடத்தில் ஒரே ஒரு மலர் அழகு ததும்ப இருந்தது. தோட்டத்து மலர்கள் அனைத்தையும் கண்டிருந்தாலும் பெறாத இன்பத்தை அவ்வொரு மலரில் அவர் பெற்றார்.

தோட்டத்தை வெறுமையாக்கியதோடு ரிக்யூ நின்றிருப்பாராயின், வந்தவர் உள்ளம் புண்பட்டே திரும்பியிருக்கும். வேண்டாதவற்றை விலக்குதல் எளிமையின் ஒரு பாதியே. வருவோர்க்கென ஒன்றை அன்போடு தேர்ந்து வைத்தல் மற்றொரு பாதி.

இந்நாளில் ஜப்பானிய நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் அம்மாடம் அருகி வருகிறது. மாடம் இன்றியமையாதது அன்று. ஒரு பலகையும் போதும். பாட்டனார் கையாண்ட எழுதுகோலாயினும், உடன்பிறந்தாள் பின்னிய விரிப்பாயினும், நம் அன்புக்குரிய ஒன்று அதில் இருத்தல் வேண்டும். விலைகொடுத்து வாங்கிய நூறு பொருள்கள் நம் செல்வத்தைக் காட்டும். விரும்பிப் போற்றும் ஒரு பொருளோ நம்மையே காட்டும்.