புட்டி பூசுமுன் பார்த்துவிடுங்கள்

எஞ்சின், கதவு, கண்ணாடி, இருக்கை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒரு மொரிஸ் மைனரின் வெறுங்கூட்டை இரும்புத் தாங்கியில் ஏற்றி மல்லாக்கத் திருப்பினால், அது பட்டதெல்லாம் அடிவயிற்றில் தெரியும். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் பொத்தென்று உள்ளே போகும். சில வண்டிகளில் அங்கே தகடே இருக்காது. புட்டியும் தாரும் சேர்ந்து தகடுபோல நிற்கும்.

கண்டியில் இது அதிசயமில்லை. ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இரண்டு பருவமழையும் நனைக்கும் ஊர்; ஈரம் காயுமுன் அடுத்த மழை வந்துவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடக்கூடிய எந்தப் பழைய வண்டிக்கும் விலை ஏறியது. கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளைப் பக்கத்து டிங்கரிங் கராஜ்களுக்கு இலட்சக்கணக்கான ரூபாவோடு ஒரு மொரிஸையோ பீட்டிலையோ கொண்டுபோகும் குடும்பம் எதைக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பது இன்று முக்கியமான கேள்வி.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர், உலகெங்கும் சுமார் 16 இலட்சம் விற்றது. அதற்கெனத் தனிச் செசி கிடையாது. கூடுதான் செசி. முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள் முன் இருக்கைக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன. அந்தச் சட்டமும் சில்லும் உக்கிப்போனால், மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் வண்டி பாதுகாப்பானதல்ல. உதிரித் தகடு கிடைக்காது என்ற சாக்கும் எடுபடாது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையம், இதற்கான தகடுகளை இலங்கையிலேயே செய்விக்க முன்வந்தது. இன்றும் வெளிநாட்டில் புதுத் தகடு விலைக்குக் கிடைக்கிறது. நல்ல கைவேலைக்காரர் தட்டியும் செய்துவிடுவார்.

மேலைநாட்டார் ரொட்டிசெரி என்று சொல்லும் சுழல்தாங்கி, முன்னும் பின்னும் பம்பர் பொருந்தும் இடங்களில் கூட்டைப் பிடித்து, நினைத்த கோணத்தில் திருப்பித் தரும். வெல்டிங்காரர் மல்லாந்து படுத்துத் தீப்பொறியை முகத்தில் வாங்க வேண்டியதில்லை. ஆனால் சுழலச்சு எடைமையத்தோடு ஒத்துப்போகாவிட்டால் கூடு சட்டென்று உருளும். பூட்டு ஊசி போடாமல் கீழே குனிபவர் தலை நசுங்கலாம். இன்னொன்று, கதவு வாசல்களுக்குக் குறுக்கே சதுரக் குழாய் வைத்து வெல்ட் செய்து இறுக்காமல் சில்லை வெட்டினால், கூடு நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு ஒருகாலும் சரியாகப் பொருந்தாது. “குழாய் அடித்தாயிற்றா?” என்று வெட்டுமுன் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை; அதில் கூச்சம் வேண்டாம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் கடைச் சாமானுக்கு மட்டும் உரியதல்ல. உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்து தரப்படும் என்ற உத்தரவாதம், தாளில் எழுதாவிட்டாலும் சேவை ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கிறது. முறைப்பாடு நிரூபணமானால் நட்டஈட்டுக்கோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சேவை வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. புட்டிக்குள் புதைந்த துருவோ மூன்று மாதத்தில் முகம் காட்டாது. அடுத்த மழைக்காலமோ அதற்கடுத்ததோ பெயின்ட் கொப்புளிக்கும்போதுதான் தெரியும். அதற்குள் அந்த வழி அடைபட்டுவிடும்.

ஆகவே உண்மையான பாதுகாப்பு, கூடு திரும்பி நிற்கும் அந்தச் சில வாரங்களில்தான் இருக்கிறது. பழைய பெயின்ட் உரித்தபின் ஒருமுறை, புதுத் தகடு வெல்ட் செய்து ப்ரைமர் பூசுமுன் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். திகதி தெரியப் படம் எடுக்க வேண்டும். இந்தப் பார்வை முடியாமல் புட்டியோ அடிப்பகுதித் தாரோ பூசக்கூடாது, கட்டங்கட்டமாகத்தான் பணம் என்று வேலைக்கு முன்பே எழுதிக் கையொப்பமிட வேண்டும். எழுத்து ஒப்பந்தத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தின் மீது வழக்குத் தொடர மூன்று ஆண்டு, எழுதிய ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு என்று காலாவதிச் சட்டம் வகுத்திருக்கிறது. துருவின் வேகத்துக்கு ஈடுகொடுப்பது இந்த ஆறு ஆண்டுதான்.

கராஜுக்கும் நியாயம் உண்டு. ஒத்துக்கொண்ட வேலைக்குரிய கூலி வரும்வரை வண்டியைத் தன்னிடம் வைத்திருக்க நம் நாட்டு ரோமன் டச்சுச் சட்டம் இடம் தருகிறது. அதற்காகத் தன் விருப்பப்படி வண்டியை விற்றுவிட முடியாது.

தகடு மாற்றும்போது கவனிக்காமல் விடும் சின்னப் பொருள் ஒன்று பெரிய வில்லங்கமாகும். மைனரின் செசி இலக்கத் தகடு எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கிறது. மணலடியிலோ கிரைண்டரிலோ அது போய்விட்டால், வண்டி பதிவுச் சான்றிதழில் உள்ளதுதான் என்று நிறுவுவது பெரும்பாடு. நிறத்தை மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும்.

வேலை செய்பவர் படும் ஆபத்தை வாடிக்கையாளர் பெரும்பாலும் பார்ப்பதேயில்லை. 1950களின் பெயின்டிலும், தகட்டு மூட்டுகளை நிரப்பிய பற்றிலும் ஈயம் இருக்கிறது. காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் நுரையீரலுக்கும், உடுப்போடு வீட்டுப் பிள்ளைகளிடமும் போகும். சிலிக்கா மணலை விசிறி அடிப்பது நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கு வழி. இரண்டு கலவைப் பெயின்டிலுள்ள ஐசோசயனேட்டை முகத்தில் கட்டிய துணி தடுக்காது. காற்று ஊட்டும் முகமூடி வேண்டும், இல்லையேல் ஆஸ்துமா. வெறுமையான பெட்ரோல் தாங்கி நிரம்பியதைவிட ஆபத்தானது, உள்ளே ஆவி நிற்கும். வெல்டிங்குக்கு முன் அது கராஜை விட்டே வெளியேற வேண்டும்.

கையோ கண்ணோ போனால், 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் பக்கம் நிற்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்த வேண்டியதும் சின்னக் கராஜுக்கும் பொருந்தும். மூச்சுத்திணறலோடு வைத்தியரிடம் போகும் பெயின்ட்காரர் தம் தொழிலை முதலில் சொல்லிவிட வேண்டும். மருந்துச்சீட்டின் போக்கையே அது மாற்றும்.

பிணக்கு முற்றினால் 1977 என்ற இலக்கத்தில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை அழைக்கலாம். ஆனால் மூன்று மாதக் கெடுவுக்குள் எழுத்து முறைப்பாடும் போய்ச்சேர வேண்டும். சட்டம் வகுத்த தொகைக்குள் அடங்கும் பிணக்கு, நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியில் இருந்தாலும், அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தந்திருக்கிறது. மனுவைத் தமிழிலேயே எழுதி, ஒப்பந்தப் பிரதி, பற்றுச்சீட்டுகள், கூடு திரும்பி நின்றபோது எடுத்த படங்கள் மூன்றையும் இணைத்துக் கொடுங்கள்.