தவளைக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

கோலாலம்பூரில் செல்லப்பிராணிக் கடையொன்றில் வாங்கிய தவளையைக் கண்ணாடித் தொட்டியோடு காரில் வைத்துக்கொண்டு ஒருவர் கேமரன் மலைக்கு ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாப்பாவில் வண்டி திரும்பும்போது வெளியே 32 டிகிரி. ரிங்லெட்டைத் தாண்டி லெம்பா பெர்த்தாமுக்குள் இறங்கும்போது இருட்டிவிட்டது, 19 டிகிரி. மனிதர் ஜாக்கெட்டை மாட்டிக்கொள்வார், சூடாக ஒரு தே தாரிக் குடிப்பார். அவர் உடம்பு இன்னும் 37 டிகிரியில்தான் இருக்கிறது. பின்சீட்டில் இருக்கும் தவளையின் உடம்போ தொட்டியோடு சேர்ந்து மெல்ல மெல்ல 19க்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்க அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

நாம் உண்பதில் பெரும்பங்கை உடம்பைச் சூடாக வைத்திருக்கவே எரிக்கிறோம். தவளை அந்தச் செலவை மேற்கொள்வதில்லை. வளர்ந்த தவளை வாரத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டில் நன்றாகவே வாழ்வது இதனால்தான். ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. அதன் இதயத் துடிப்பு, தசையின் வேகம், வயிற்றின் செரிமான நொதிகள், நோயை எதிர்க்கும் ஆற்றல் எல்லாமே சுற்றியுள்ள வெப்பத்தின் கையில் இருக்கின்றன. பொதுவாக, வெப்பம் 10 டிகிரி கூடினால் இப்படிப்பட்ட உயிரினங்களின் உடலுக்குள் நடக்கும் வேதிவினைகள் இரண்டு முதல் மூன்று மடங்கு வேகமடையும். 10 டிகிரி குறைந்தால் அதே அளவு மந்தமாகும். ஆகவே தவளை வளர்ப்பில் சூடும் தீனியும் தனித்தனிக் கேள்விகளே இல்லை. எவ்வளவு சூட்டில் வைத்திருக்கிறோம் என்பது தெரியாமல், என்ன கொடுப்பது, எத்தனை நாளுக்கொரு முறை கொடுப்பது என்று யாராலும் சொல்ல முடியாது.

மலேசியக் கடைகளில் அதிகம் விற்பது தென்னமெரிக்கக் கொம்புத் தவளை. 'பேக்மேன் தவளை' என்றால்தான் கடைக்காரருக்குத் தெரியும். 1980இல் வந்த வீடியோ விளையாட்டில் வாயைத் திறந்து எதையும் விழுங்கிக்கொண்டு ஓடும் அந்த மஞ்சள் உருவத்தின் பெயரே இதற்கு வந்துவிட்டது. அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா நாடுகளில் பரவிய சாக்கோ சமவெளி, அர்ஜென்டினாவின் புல்வெளிகள் ஆகியவை இதன் தாயகம். மழைக்காலத்தில் ஈரமண்ணுக்குள் முதுகுவரை புதைந்துகொண்டு, கண்ணை மட்டும் வெளியே வைத்துக் காத்திருக்கும். வறட்சி வந்தால் உரித்த தோலின் அடுக்குகளாலேயே தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொண்டு மண்ணுக்கடியில் மாதக்கணக்கில் கிடக்கும். வழியில் வரும் இரையைப் பிடிப்பதற்கு அதன் நாக்கு ஒன்றே போதும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நாக்கின் ஒட்டும் விசை தவளையின் சொந்த எடையையே மிஞ்சுவதை அளந்து காட்டினார்கள். தவளைகளின் எச்சில் விசித்திரமானது. நாக்கு இரைமேல் மோதும் கணத்தில் அது தண்ணீராய் இளகி, இரையின் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய இடுக்குகளிலெல்லாம் பாய்கிறது. நாக்கு பின்வாங்கும்போது கெட்டியாகிப் பற்றிக்கொள்கிறது. விழுங்கும்போது தவளை கண்களை மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது கண்விழிகள் உள்ளே இறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன.

இந்தத் தவளைக்கு ஏற்றது 24 முதல் 28 டிகிரி வரை. கோலாலம்பூர் வீட்டில் அறையின் நிழலான மூலையே இதற்குப் போதும், ஹீட்டர் வேண்டாம். லெம்பா பெர்த்தாம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இன்னும் மேலே தானா ராத்தாவில் இரவு 15 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். பெர்த்தாமில் அந்த அளவு குளிர் இல்லை என்றாலும், தகரக் கூரை போட்ட தோட்ட வீட்டில் விடியற்காலையில் தொட்டிக்குள் 18 டிகிரிதான் இருக்கும். அந்தக் குளிரில் இத்தவளை சாவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும். பசியில்லை போலும் என்று நினைப்போம். சில சமயம் பழக்கத்தால் வாயைத் திறந்து இரையைப் பிடித்தும்விடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. நொதிகள் மந்தமாகிவிட்ட வயிற்றில் ஓர் எலிக்குஞ்சு கிடந்தால், அது சமையலறை மேடையில் மறந்து வைத்த இறைச்சிதான். செரிப்பதற்கு முன்னால் பாக்டீரியா அதை அழுக வைத்துவிடும். வயிறு உப்பும், சில நாளில் தவளை போய்விடும். வளர்த்தவர் 'நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தது' என்பார். மலையில் தவளை வளர்ப்பவர்கள் மனத்தில் பதிக்க வேண்டிய ஒரே விதி இது: தொட்டி சூடாக இல்லாத நாளில் தீனி கிடையாது. கொடுத்த பிறகும் இரண்டு மூன்று நாள் சூடு குறையக் கூடாது.

இதற்காகப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. தாள்போல மெல்லியதாய், சில வாட் மின்சாரம் மட்டும் எடுக்கும் ஹீட் பேட் கிடைக்கிறது. அதைத் தொட்டியின் அடியில் வைக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். வைக்கக் கூடாது. இயற்கையில் வெயில் மேலிருந்து வருகிறது, மண்ணுக்குள் போகப் போகக் குளிர்ச்சி. சூடு தாங்காவிட்டால் கீழே தோண்டிப் போ என்பதே இத்தவளை பரம்பரையாகக் கற்ற பாடம். அடியில் ஹீட் பேட் இருந்தால், சூட்டிலிருந்து தப்பத் தோண்டும் தவளை நேராகச் சூட்டின் மேலேயே போய் உட்காரும். வயிற்றுத் தோல் வெந்துவிடும். அதனால் தொட்டியின் பக்கச் சுவரில், வெளிப்புறமாக, மண்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டுங்கள். எதிர்ப்பக்கம் குளிர்ச்சியாகவே இருக்கட்டும். எந்தப் பக்கம் வேண்டுமென்று தவளை தானே முடிவு செய்துகொள்ளும். ஹீட் பேடுக்குக் கொடுக்கும் காசைவிட அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்குக் கொடுக்கும் காசுதான் முக்கியம் என்பேன். அதன் உணர்முனை தவளை உட்காரும் இடத்தில் மண்ணோடு இருக்க வேண்டும். சுவரில் மாட்டிய வெப்பமானி காற்றின் சூட்டைத்தான் சொல்லும். ஈரத் தோலிலிருந்து நீர் ஆவியாகும்போது தவளையின் உடம்பு காற்றைவிடக் குளிர்ந்துவிடும், அது அந்த முள்ளில் தெரியாது.

குண்டு பல்பு வைத்துச் சூடேற்றுவது இன்னொரு வழக்கம். கோழிக்குஞ்சுக்கு அது சரி. தவளைக்கு ஏன் சரியில்லை என்பதற்கு ஒரு சிறு கணக்கு இருக்கிறது. பெர்த்தாமில் மூடுபனி இறங்கிய இரவில் 18 டிகிரி காற்று முழு ஈரத்தோடு, அதாவது 100 விழுக்காடு ஈரப்பதத்தில் இருக்கிறது. அதே காற்றை, தண்ணீர் எதுவும் சேர்க்காமல் 26 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 61 விழுக்காட்டுக்கு விழுந்துவிடும். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதால், இருக்கும் நீராவியின் பங்கு குறைந்துபோகிறது. வெளியே பனி சொட்டும்போது தொட்டிக்குள் வறட்சி. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையிலும் உள்ள மெல்லிய தோலால் ஈர மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சின் ஒரு பகுதியையும் அந்த ஈரத் தோலே கவனிக்கிறது. ஆகவே சூடேற்றும் ஒவ்வொருவரும் கூடவே நனைக்கவும் வேண்டும். தேங்காய் நார்த்தூளை நான்கு விரல் ஆழத்துக்குப் பரப்பி, கையில் பிழிந்தால் துளி எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஈரமாக வைத்தால் போதும். குனோங் பிரிஞ்சாங் பாசிக்காட்டிலிருந்து பாசியைப் பிய்த்து வந்து தொட்டியில் பரப்பும் ஆசை பலருக்கு வரும். அந்தக் காட்டைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது மெதுவாக வளர்வது, ஏற்கெனவே போதுமான அளவு மிதிபட்டிருக்கிறது.

இனி இந்த மலையின் சொந்தக் கொம்புத் தவளையைப் பார்ப்போம். மலாயாக் கொம்புத் தவளை என்று உலகம் முழுதும் வளர்ப்பாளர்கள் தேடுவது இதைத்தான். 1858இல் ஷ்லேகல் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். மெகோஃப்ரிஸ் நசுட்டா என்ற பெயரில் நெடுங்காலம் இருந்து, இப்போது பெலோபட்ராகஸ் நசுட்டஸ் ஆகியிருக்கிறது. தெற்குத் தாய்லாந்திலிருந்து மலாயாத் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்ரா, போர்னியோ வரை காட்டுத் தரையில் வாழ்கிறது. கேமரன் மலைக் காடுகளிலும் உண்டு. கண்ணுக்கு மேலும் மூக்கு நுனியிலும் தோல் கூராக நீண்டு, உடம்பு காய்ந்த சருகின் நிறத்தில், சருகின் நரம்புக் கோடுகளோடுகூட இருப்பதால் காலடியில் கிடந்தாலும் தெரியாது. பேக்மேன் தவளைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. இரண்டு கண்டங்களில், ஒரே வகை வேட்டைக்காகத் தனித்தனியே ஒத்த தோற்றத்துக்கு வந்தவை.

தோற்றம் ஒத்திருப்பதால் வளர்ப்பும் ஒத்திருக்கும் என்று நம்பித்தான் பல வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் இதைக் கொன்றிருக்கிறார்கள். மலேசியத் தவளை, வெப்பமண்டலத் தவளை, எனவே சூடு வேண்டும் என்று விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். இந்தத் தவளை வெயிலையே பார்ப்பதில்லை. மரக்கூரைக்குக் கீழே, ஓடையோரச் சருகுக்குள், பகலிலும் குளிர்ச்சி குலையாத இடத்தில் உட்கார்ந்திருக்கும். இதற்கு 18 முதல் 24 டிகிரிதான் சுகம். லெம்பா பெர்த்தாமின் சாதாரண அறை இதற்கு எந்தச் சாதனமும் இல்லாமல் பொருந்தும், கோலாலம்பூரின் அடுக்குமாடி வீட்டில் ஏர்கான் வேண்டும். அங்கே பேக்மேனுக்கு ஹீட்டர் வாங்கியவரும் இங்கே மலாயாக் கொம்பனுக்கு ஹீட்டர் வாங்கியவரும் ஒரே கேள்வியைத் தவறவிட்டிருக்கிறார்கள்: இந்தத் தவளையின் பாட்டன் எந்த மண்ணில் உட்கார்ந்திருந்தான்?

ஆனால் மலாயாக் கொம்பனை வளர்க்கச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வணிகத்துக்கு வருபவற்றில் பெரும்பாலானவை காட்டில் பிடித்தவை, குடற்புழுவோடும் பிடிபட்ட அதிர்ச்சியோடும் வருபவை. பேக்மேன் பண்ணைகளில் எளிதாகப் பெருகுகிறது. மலாயாக் கொம்பனுக்கோ ஓடையும் மழையும் வேண்டும். பாதி நீரில் மூழ்கிய கல்லின் அடிப்பக்கத்தில் முட்டையிடும். தலைப்பிரட்டையின் வாய் மேல்நோக்கிப் புனல்போல விரிந்திருக்கும். ஓடையின் அமைதியான ஓரக்குட்டைகளில் நீர்மட்டத்தில் தொங்கிக்கொண்டு, மிதந்து வரும் நுண்துகள்களை அந்தப் புனலால் வாரி உண்ணும். சேறு கலங்கிய நீர் அப்படி உண்ணும் உயிருக்கு உகந்ததாக இருக்க முடியாது. மலைச்சரிவுகள் வெட்டப்பட்டதால் சுங்கை பெர்த்தாமில் எவ்வளவு மண் வந்து சேர்கிறது என்பதை ரிங்லெட் ஏரியைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1960களில் நீர்மின் திட்டத்துக்காகச் சுல்தான் அபு பக்கார் அணை கட்டி உண்டாக்கிய அந்த ஏரியில் ஓயாமல் வண்டல் வாரிக்கொண்டிருக்கிறார்கள். காட்டிலிருந்து எந்த உயிரையும் எடுக்கும் முன் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்று வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

தீனிக்கு வருவோம். பறவைத் தீவனக் கடைகளில் முராய் பத்து என்ற பாட்டுப் பறவையை வளர்ப்பவர்களுக்காகச் செங்கெரிக் விற்பார்கள். அந்தச் சுவர்க்கோழிதான் தவளைக்கும் அன்றாடச் சாப்பாடு. குட்டித் தவளைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். வளர்ந்ததற்கு வாரத்துக்கு ஒருமுறை. இரையின் அகலம் தவளையின் இரு கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. பூச்சிகளில் ஒரு குறை உண்டு. அவற்றுக்கு எலும்பு கிடையாது, வெளி ஓடு கைட்டினால் ஆனது. ஆகவே கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதைவிடப் பல மடங்கு. வெறும் சுவர்க்கோழியே தின்று வளரும் தவளையின் உடம்பு, ரத்தத்தில் குறையும் கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தாடை தொய்ந்து, கால் வளைந்து, ஒருநாள் இரையைக் கவ்வ முடியாமல் போய்விடும். வைட்டமின் டி3 கலந்த கால்சியத் தூளில் பூச்சியைப் புரட்டிக் கொடுத்தால் இது வராது. அதற்கு முன் ஒருநாள் அந்தப் பூச்சிக்கே கேரட்டும் கீரையும் வயிறாரக் கொடுத்துவிட்டால், தவளை அதையும் சேர்த்தே உண்கிறது. மண்புழுவில் கால்சியம் நல்ல அளவில் உண்டு. என் கணிப்பில் வளர்ந்த பேக்மேனுக்கு அதைவிடச் சிறந்த உணவு இல்லை. எலிக்குஞ்சு எப்போதாவது ஒன்று. அடிக்கடி கொடுத்தால் கொழுப்பேறி, கண்விழியில்கூட வெண்படலம் கட்டும். கையால் ஊட்டவே கூடாது. நீளமான இடுக்கியால் கொடுங்கள். பேக்மேனுக்குப் பல் உண்டு, பிடித்தால் விடாது.

பெர்த்தாம் பள்ளத்தாக்கில் மற்றோர் எச்சரிக்கை தேவை. வெட்டுக்கிளியும் புழுவும் காய்கறித் தோட்டத்தில் சும்மா கிடைக்கின்றனவே, காசு கொடுத்து வாங்குவானேன் என்று தோன்றும். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே தக்காளியும் கோசும் விளையும் லெம்பா பெர்த்தாமில் மருந்தடிக்காத தோட்டம் அரிது. தேயிலைச் சரிவுகளிலும் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். மருந்து பட்டும் சாகாமல் தப்பிய பூச்சி, அந்த மருந்தைத் தன் உடம்பில் சுமந்துகொண்டு தவளையின் வயிற்றுக்குள் போகும். மண்புழுவையும் உரமும் மருந்தும் போகாத கொல்லை மண்ணில் தோண்டியெடுங்கள். குழாய்நீரில் குளோரின் இருந்தால் ஒரு பகல் ஓர் இரவு திறந்து வைத்தால் போய்விடும். குளோராமின் போகாது, அதற்கு மீன் கடையில் விற்கும் முறிப்பு மருந்து வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் மாற்றுங்கள். தவளையின் கழிவிலிருந்து வரும் அமோனியா அதே தோல் வழியாக உடம்புக்குள் திரும்பப் போகும்.

தொட்டியைக் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பதைப் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. 1998இல் கண்டறிந்து 1999இல் பெயரிட்ட கைட்ரிட் பூஞ்சை தவளைகளின் தோலைத் தாக்கும் நோய்க்கிருமி. 2019இல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பின்படி குறைந்தது 501 நீர்நில வாழ் இனங்கள் இதனால் எண்ணிக்கையில் சரிந்திருக்கின்றன; அவற்றில் 90 இனங்கள் அழிந்தே போயிருக்கக்கூடும். அது உலகமெங்கும் பரவச் செல்லப்பிராணி வணிகமும் ஒரு காரணம். இந்தப் பூஞ்சை செழித்து வளர்வது 17 முதல் 25 டிகிரியில். கோலாலம்பூர் வெயில் அதற்கு அதிகம். லெம்பா பெர்த்தாம் அதற்கு அளவெடுத்த இடம். வெளிநாட்டுத் தவளையின் தொட்டித் தண்ணீரைக் கான்கிரீட் வடிகாலில் ஊற்றினால் அது சுங்கை பெர்த்தாமுக்குத்தான் போகும்; புனல்வாய்த் தலைப்பிரட்டைகளின் ஓடையும் அதே ஆற்றோடு சேர்வது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறியபின் ஓடைக்கும் வடிகாலுக்கும் தூரமான மண்ணில் ஊற்றுங்கள். பழைய நார்த்தூளைச் சருகாகக் காயும்வரை வெயிலில் பரப்பிவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள்; ஈரம் வற்றினால் அந்தப் பூஞ்சை பிழைப்பதில்லை. வளர்க்க முடியாமல் போனால் தவளையை வாங்கிய கடையிலோ வேறொரு வளர்ப்பாளரிடமோ ஒப்படையுங்கள், காட்டில் விட வேண்டாம்.