சபாட்டிகலும் ஹார்பர் லைன் பாஸும்

கட்டிங் சாய் வந்துவிட்டது, பேசிக்கொண்டே குடிப்போம். செம்பூரில் எங்கள் பில்டிங்கில் இருக்கும் மாமி ஒரு கல்லூரியில் அசோசியேட் புரொஃபசர். ஒரு வருஷம் சபாட்டிகல் எடுத்துப் புத்தகம் எழுத ஆசை. ஐரோலியில் ஐ.டி. வேலை பார்க்கும் மகன் கேட்டானாம்: “ஒரு வருஷம் சம்பளம் வராதேம்மா, சமாளிப்பியா?”

அவனைக் குறை சொல்ல முடியாது. கம்பெனிகளில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் சம்பளமில்லாத நீண்ட லீவ்தான். நம்மில் பலர் வார்த்தையைக் கற்றுக்கொண்டதே அங்கிருந்துதான். ஆனால் அதன் வேர் பழையது. ஏழாம் வருஷம் நிலத்தைத் தரிசாக விடும் யூத மரபிலிருந்து வந்த சொல் இது. 1880-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அதை ஆசிரியர்களுக்குக் கொண்டுவந்தது. தரிசாகக் கிடந்தாலும் பட்டா நம் பெயரில்தானே இருக்கிறது?

நம் நாட்டில் இதற்கான விதி, யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. அதன்படி சபாட்டிகலில் முழுச் சம்பளமும் படிகளும் உண்டு. லீவுக்கு முன்பு என்ன விகிதமோ அதே விகிதம். இன்கிரிமென்டும் உரிய தேதியில் விழும். ஒரு தடவைக்கு ஒரு வருஷம், மொத்த சர்வீசில் 2 வருஷம். அந்தச் சமயத்தில் வேறெங்கும் நிரந்தர வேலையில் சேரக் கூடாது. ஃபெலோஷிப் வாங்கலாம், ஆனால் வாங்கினால், நிர்வாகம் நினைத்தால் சம்பளத்தைக் குறைக்கலாம்.

‘முழு’ என்பதிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. போக்குவரத்துப் படியை ஹார்பர் லைன் பாஸுக்குக் கொடுக்கும் காசு என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கே போகாத மாதத்துக்குப் பாஸ் எதற்கு? ஒரு காலண்டர் மாதம் முழுக்க லீவில் இருந்தால் அந்த மாதத்துக்கு இந்தப் படி கிடையாது என்பது மத்திய அரசு விதி. அதைப் பின்பற்றும் நிறுவனங்களிலும் அப்படியே.

இனி பென்ஷன். லீவில் போன வருஷமும் சர்வீஸ் கணக்கில் சேரும், ஆனால் லீவ் முடிந்ததும் திரும்பி வந்து வேலையில் சேர வேண்டும். வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கும் டெபாசிட் மாதிரி இது. பணம் நம்முடையதுதான், சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கைக்கு வரும்.

முனைவர் பட்டம் முடிக்கப் போகும் இளம் ஆசிரியர்களுக்கு வேறு வழி: படிப்பு விடுப்பு. 3 வருஷ சர்வீஸ் இருந்தால் 2 வருஷம்வரை முழுச் சம்பளத்தோடு போகலாம், இன்னொரு வருஷம் நீட்டிக்கவும் இடமுண்டு. திரும்பி வந்து 3 வருஷம் வேலை செய்வேன் என்று பாண்டு எழுதித் தர வேண்டும். மீறினால் வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதுதான். இடையில் விட்டுப்போன இன்கிரிமென்ட் திரும்பி வந்தபின் சேரும், ஆனால் அரியர்ஸ் வராது.

மகன் பயந்த சங்கதியும் கல்லூரியில் இல்லாமல் இல்லை. அதற்குப் பெயர் அசாதாரண விடுப்பு. இங்கேதான் நிஜமாகவே சம்பளம் நிற்கும். அதோடு பி.எஃப்.பில் விழுவதும் நிற்கும்; நம் பங்கு மட்டுமல்ல, நிர்வாகத்தின் பங்கும்தான். பலருக்கு மறந்துபோவது எல்.ஐ.சி. பிரீமியம். சம்பளத்திலேயே பிடித்துக் கட்டிவந்தார்கள் என்றால், சம்பளம் இல்லாத மாதத்தில் எதிலிருந்து பிடிப்பார்கள்? நாமே போய்க் கட்ட வேண்டும். மாதத் தவணைக்கு 15 நாள்தான் அவகாசம். தவறினால் பாலிசி காலாவதியாகிவிடும்.

இத்தனையும் கேட்டுவிட்டு மாமி உற்சாகமாகச் சொன்னார்: “எனக்கு 19 வருஷ சர்வீஸ். நாளைக்கே மனு போடறேன்.”

“அசோசியேட் ஆகி எவ்வளவு நாளாச்சு மாமி?” என்றேன். விதி கேட்கும் 7 வருஷம் அந்தப் பதவியிலோ புரொஃபசர் பதவியிலோ இருந்த காலம்தான்.

விரல்விட்டு எண்ணினார். 6 வருஷம் 4 மாதம்.

“அப்போ இன்னும் எட்டு மாசமா? சரி, அதுக்குள்ள முதல் அத்தியாயத்தை எழுதிடலாம்.”